இல்லை என்று போட்ட டிக்

மே 14, செவ்வாய்

லூசெர்ன் ஆஸ்பத்திரி, நான்காவது மாடி.

இன்சூரன்ஸ் கம்பெனியின் உதவி எண்ணில் பேசிய பெண், "சார், நடந்ததெல்லாம் தேதி வாரியா எழுதி வச்சுக்குங்க, க்ளெய்முக்கு உதவும்" என்றாள். பெயர் ஷர்மிளா, சென்னையிலிருந்து பேசுகிறாள். ஆகவே எழுதுகிறேன். டூர் கம்பெனி இலவசமாகக் கொடுத்த டைரி, ஐந்து நாளாகப் பெட்டியில் சும்மா கிடந்தது.

நான் தங்கமாரியப்பன், வயது அறுபத்திரண்டு, விருதுநகரில் வத்தல், மல்லி மொத்த வியாபாரம். மனைவி ஜெயக்கனி, வயது ஐம்பத்தெட்டு. மதுரையிலிருந்து முப்பத்தாறு பேராகக் கிளம்பி வந்த ஐரோப்பா டூரில் இன்று ஆறாவது நாள். இருக்கும் இடம் சுவிட்சர்லாந்து.

காலை ஒன்பது பத்துக்கு ஏரியில் படகு ஏற வரிசையில் நின்றோம். மழை பெய்து மரப்படி ஈரமாக இருந்தது. மூன்றாவது படியில் கால் வைத்த ஜெயக்கனி அப்படியே சரிந்தாள். பின்மண்டை இரும்புக் கம்பியில் மோதியது. வெளியே ரத்தம் பெரிதாக இல்லை. இரண்டு நிமிடம் கண் சொருகிக் கிடந்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, "என் செருப்பு எங்க?" என்றாள். செருப்பு ஏரியில்.

டூர் மேனேஜர் வின்சென்ட் ஆம்புலன்ஸை அழைத்தார். ஏழு நிமிடத்தில் வந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். மண்டை ஓட்டுக்குள் இடது பக்கம் மெல்லிய ரத்தக் கசிவு, இப்போதைக்கு ஆபத்தில்லை, இரண்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். பெயர் கெல்லர், பெண், என் மகள் வயதுதான் இருக்கும்.

என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார். பிரஷர் மாத்திரை மட்டும் என்றேன். ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது சாப்பிடுகிறாரா என்று தனியாகக் கேட்டார். இல்லை என்றேன். ஜெயக்கனியிடமும் கேட்டார். அவளும் இல்லை என்று தலையாட்டினாள்.

இன்சூரன்ஸ் கம்பெனி நாற்பது நிமிடத்தில் உத்தரவாதக் கடிதம் அனுப்பிவிட்டது. செலவு அவர்கள் பொறுப்பு. இதற்குத்தான் பாலிசி எடுப்பது.

மதியம் டூர் பஸ் கிளம்பிவிட்டது. முப்பத்து நாலு பேருக்காக அது போய்த்தானே ஆக வேண்டும். நான்கு பொட்டலம் புளிக்காய்ச்சலும் ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாயும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, எட்டு மணிக்கு, அவளுக்கு வேண்டியதைக் கொடுத்தேன். தூங்குகிறாள்.

மே 15, புதன், பகல் பதினொன்று

தலைவலி என்கிறாள். ஒரு வாய் ரொட்டி தின்றதும் வாந்தி. ஊசி போட்டிருக்கிறார்கள்.

இந்த ஆஸ்பத்திரியில் ஒரு விசித்திரம். நேற்றிலிருந்து ஒருவரும் அட்வான்ஸ் கட்டச் சொல்லவில்லை. பணம் கட்டும் கவுன்ட்டர் எங்கே இருக்கிறது என்றே எனக்கு இன்னும் தெரியாது. எங்கள் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், என் மண்டியில் மூட்டை தூக்கும் சுடலைமுத்துவை நெஞ்சுவலி என்று கொண்டுபோனபோது, நான் வீட்டுக்குப் போய்ப் பணம் எடுத்து வரும் வரை ஸ்ட்ரெச்சரிலேயே போட்டு வைத்திருந்தார்கள். முக்கால் மணி நேரம். அவன் பிழைத்தான், ஆனால் பழையபடி மூட்டை தூக்க முடியவில்லை. காசுக்கு வழி இல்லை என்றால் வைத்தியம் நின்றுவிடும். இது எனக்கு அன்றைக்கே தெரிந்துபோனது. இங்கே காசுக்கு வழி அந்த உத்தரவாதக் கடிதம்.

வார்டில் ஒரு தமிழ்ப் பெண் வேலை செய்கிறாள். தவமலர் என்று பெயர், நாற்பது வயதிருக்கும், யாழ்ப்பாணத்துக்காரி, ஒன்பது வயதில் இங்கே வந்தவளாம். உள்ளே வந்ததுமே, "அண்ணை, நீங்கள் தமிழோ? பிறகேன் அந்த நேர்ஸ் பிள்ளையோடை இங்கிலீசிலை கிடந்து மல்லுக்கட்டிறியள்?" என்று சிரித்தாள். எனக்கு உயிர் வந்தது.

"அக்கா வேறை ஏதும் குளிசை எடுக்கிறவாவோ?" என்றாள். குளிசை என்றால் மாத்திரை. பிரஷருக்கு மட்டும் என்றேன்.

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. இதயத்துக்கு, சீனி வருத்தத்துக்கு?"

"இல்லம்மா, சுகர்கூட இல்ல."

போகப் போனவளை நிறுத்தி, பொதுவாக ஒன்று கேட்டுவைத்தேன். என் நண்பர் ஒருவருக்கு இதயம் தாளம் தப்பித் துடிக்கும், ரத்தம் உறையாமல் இருக்க தினம் இரண்டு வேளை மாத்திரை சாப்பிடுகிறார், அப்படிப்பட்டவருக்குத் தலையில் அடிபட்டால் என்ன செய்வார்கள் என்று.

அவள் என்னையே பார்த்தாள். "அந்தக் குளிசையை உடனை நிப்பாட்டுவினம். மாத்து மருந்து குடுப்பினம். டொக்டருக்குச் சொல்லாம விட்டா உள்ளுக்கை ரத்தம் நிக்காது, அண்ணை. ஆளே போயிடும். உங்கடை சிநேகிதர் எங்கை இருக்கிறார்?"

"ஊர்ல" என்றேன்.

கீழே போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்து யோசிக்கலாம்.

மே 15, புதன், மாலை

அந்தக் காபிக்கு இருபது நிமிடம் ஆனது.

மேலே வந்தபோது ஜெயக்கனியின் வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. "கனி" என்றேன். என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். வார்த்தையாக வரவில்லை. வலது கை கட்டிலுக்கு வெளியே யாருடைய கையோ போலத் தொங்கியது. நான் கத்திய சத்தத்தில் நான்கு பேர் ஓடி வந்தார்கள்.

இரண்டாவது ஸ்கேன். கசிவு மூன்று மடங்காகப் பெருத்துவிட்டது. டாக்டர் கெல்லர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இவ்வளவு வேகமாகப் பெருகக் கூடாதே, ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை, சில புது மருந்துகள் சாதாரணப் பரிசோதனையில் அகப்படாது, கடைசியாகக் கேட்கிறேன் என்றார். தவமலர் தமிழில் சொல்லி முடிக்கும் வரை எனக்குப் பொறுமை இல்லை.

சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தேன். பாக்குப் போடும் சின்ன எவர்சில்வர் டப்பா. பெட்டியில் இடம் அடைக்கிறது என்று ஜெயக்கனி எல்லா மாத்திரையையும் அட்டையிலிருந்து பிதுக்கி அதில்தான் போட்டு வந்தாள்.

"இதுல இளஞ்சிவப்பு. ரத்தம் உறையாம இருக்க. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

"கடைசியா எப்ப குடுத்தனீங்கள்?" என்றாள் தவமலர்.

"நேத்து ராத்திரி எட்டு மணிக்கு. நான்தான் குடுத்தேன். ஒரு வேளைகூட விடக்கூடாதுன்னு ஊர் டாக்டர் சொல்லியிருந்தார். இன்னைக்குக் காலையில வாந்தி, அதான் குடுக்கல."

திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். டாக்டர் கெல்லர் "எட்டு மணி" என்று மட்டும் திருப்பிச் சொல்லிவிட்டு ஓடினார். மாத்திரையின் பெயர் வேண்டும் என்றார்கள். என் மண்டிக்குள் கண்ணைக் கட்டி விட்டாலும் எது சம்பா வத்தல், எது குண்டு வத்தல் என்று வாசத்தில் சொல்வேன். மனைவி இரண்டு வருடமாகச் சாப்பிடும் மாத்திரையின் பெயர் தெரியவில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் மகள் சுபாவை போனில் பிடித்தேன். கேட்டதும் சொன்னாள், எழுத்துக் கூட்டி. பிறகு, "அப்பா, இத இப்பத்தான் சொல்றீங்களா?" என்றாள். நான் போனை வைத்துவிட்டேன்.

மண்டையைத் திறக்கக் கொண்டுபோய்விட்டார்கள். வெளியே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நேற்று எழுதியதில் பொய் இருக்கிறது. அந்தத் தாளைக் கிழிக்கப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். இனி இதை க்ளெய்முக்குக் கொடுக்க முடியாது. அதனால் மிச்சத்தையும் உள்ளபடியே எழுதிவிடுகிறேன்.

ஜனவரியில் மதுரை ஏஜென்ட் ஆபீசில் பாலிசி ஃபார்ம் நிரப்பினோம். ஏற்கெனவே நோய் உண்டா என்ற கேள்வி வந்தது. உண்டு என்றால் டாக்டர் சர்டிபிகேட், கூடுதல் பிரீமியம், இரண்டு நாள் அலைச்சல். இல்லை என்று டிக் போடச் சொன்னேன். கூட வந்த சுபா, "அப்பா, அம்மாவுக்கு ஹார்ட் இருக்கே" என்றாள். "உங்கம்மா மலையா ஏறப் போறா? வாயை மூடு" என்றேன். கேட்டதற்கு மேல் சொல்லாதே, கேட்டதையும் பாதியாகச் சொல் என்றுதான் முப்பத்தைந்து வருடம் எல்லா ஆபீசிலும் என் காரியம் நடந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. இப்போது ஏலமெல்லாம் கம்ப்யூட்டரில். நான் தொழில் பழகிய காலத்தில் துண்டுக்குள் கை விட்டு, விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவோம். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டு வந்தேன். யாராவது நகையோ காரோ இரவல் கேட்டு வந்தால், ஜெயக்கனியின் மணிக்கட்டை இரண்டு தடவை அழுத்துவேன். இல்லை என்று சொல் என்று அர்த்தம். கல்யாணமான புதிதில் பழக்கியது, முப்பத்தாறு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் தவறியதில்லை.

நேற்று டாக்டர் அவளிடம் கேட்டபோது, போர்வைக்கு அடியில் நான் இரண்டு தடவை அழுத்தினேன்.

மே 16, வியாழன்

பிழைத்துவிட்டாள். கண் திறந்தாள். பேச்சு இல்லை.

மே 17, வெள்ளி

டாக்டர் கெல்லர் விளக்கினார், தவமலர் சொன்னாள். ரத்தத்தை எடுத்தாகிவிட்டது, மாற்று மருந்து வேலை செய்தது. பேச்சு இருக்கும் பக்கம் அழுந்திப்போயிருந்தது. அது திரும்பலாம், கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். ஒரு வாரம் பார்க்க வேண்டும்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். செவ்வாய்க்கிழமையே, முதல் கேள்வியிலேயே சொல்லியிருந்தால்?

தவமலர் அதை மொழிபெயர்க்காமல் நின்றாள். "கேளும்மா" என்றேன். கேட்டாள். டாக்டர் மறைக்கவில்லை. அன்றே மாற்று மருந்து கொடுத்திருப்போம், மண்டையைத் திறக்க வேண்டியிருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன் என்றார். பிறகு என் தோளில் கை வைத்து ஏதோ சொன்னார். "மறைச்சுப்போட்டுக் கடைசி வரைக்கும் சொல்லாமலே விட்ட ஆக்களையும் கண்டிருக்கிறாவாம்" என்றாள் தவமலர். அது ஆறுதலா என்று தெரியவில்லை. எடுத்துக்கொண்டேன்.

மதியம் ஷர்மிளா போன் செய்தாள். குரல் மாறியிருந்தது. ஆஸ்பத்திரி அனுப்பிய ரிப்போர்ட்டில் அந்த மாத்திரை பெயர் இருக்கிறது, ஃபார்மில் இல்லை என்று டிக் இருக்கிறது.

"சார், பாலிசி ஆரம்பிச்சது ஜனவரி பத்தொன்பது. அதுக்கப்புறம் ஆரம்பிச்ச மருந்துன்னா பிரச்சினை இல்ல. எப்ப ஆரம்பிச்சதுன்னு உங்க டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கி அனுப்புங்க."

அவள் ஒழுங்காகத்தான் கேட்டாள். என் புத்திதான் உடனே வேலை செய்தது. எங்கள் தெரு டாக்டருக்கு வருடா வருடம் ஒரு மூட்டை வத்தல் என் மண்டியிலிருந்துதான் போகிறது. போன் போட்டேன். "தேதி மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி, போட்டுத் தர்றேன்" என்றார். பத்து நிமிடத்தில் கடிதம் போனுக்கு வந்துவிட்டது. முத்திரை, கையெழுத்து எல்லாம் சுத்தம். பிப்ரவரி இரண்டாம் தேதி ஆரம்பித்த மருந்து.

அதை அனுப்ப விரலை வைத்திருக்கும்போது டாக்டர் கெல்லரும் தவமலரும் உள்ளே வந்தார்கள்.

"அண்ணை, அக்கா இந்தக் குளிசையை எப்ப துடங்கினவா எண்டு டொக்டருக்குத் தெரியவேணும். திரும்பக் குடுக்கிறதோ இல்லையோ எண்டு அதைப் பாத்துத்தான் முடிவெடுப்பினம். ஊரிலை இருந்து ஏதும் கடிதம் இருக்கோ?"

கடிதம் என் கையில், போன் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. கம்பெனிக்கு ஒரு தேதி, இங்கே ஒரு தேதி என்று சொல்லிவிடலாம். ஆனால் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ரிப்போர்ட் அனுப்புகிறார்கள். ஒன்று மற்றதைப் பிடித்துவிடும். அப்படியானால் இங்கேயும் பிப்ரவரி என்று சொல்ல வேண்டும். கட்டிலில் இருப்பவள் ஒருத்தி, அவள் உடம்புக்கு நான் ஒரு கதை எழுதி, அதைப் பார்த்து இவர்கள் மருந்து கொடுக்க வேண்டும். ஒரு தடவை அப்படிக் கதை சொல்லிப் பார்த்தாயிற்று.

"லெட்டர் இல்லம்மா. ரெண்டு வருசமாச் சாப்பிடுறா. மகள்கிட்ட பழைய சீட்டெல்லாம் இருக்கும், அனுப்பச் சொல்றேன்."

கடிதத்தை அழித்தேன். பிறகு நானே ஷர்மிளாவை அழைத்து இரண்டு வருடம் என்றேன்.

"சார், நீங்க பேசுறது ரெக்கார்ட் ஆகுது."

"ஆகட்டும்மா. உள்ளதத்தான சொல்றேன்."

"நான் மேல அனுப்பணும் சார். கியாரண்டி லெட்டரை நிறுத்தி வச்சிருவாங்க."

"அனுப்பும்மா."

போனை வைத்தேன். யாராவது வந்து கட்டிலைத் தள்ளிக்கொண்டுபோய் வெளியே விடுவார்கள் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு ஒரு பெண் வந்தாள். ஜெயக்கனிக்குக் கை கால் பயிற்சி கொடுத்துவிட்டுப் போனாள்.

மே 18, சனி

மகள் வருகிறேன் என்கிறாள். விசா கிடைக்க நாளாகும். பழைய சீட்டுகளைப் படம் பிடித்து அனுப்பிவிட்டாள், பதினொரு தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

நோயாளிகளின் சொந்தக்காரர்கள் தங்க பக்கத்திலேயே ஒரு வீடு இருக்கிறது. அதில் எனக்கு ஒரு அறை. பொதுச் சமையல்கட்டில் இன்று சோறு வைத்தேன். முதல் தடவை. அடி பிடித்து, புகை எழுப்பி, தீ எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. ஒரு இத்தாலிக்காரக் கிழவர் ஓடி வந்து ஜன்னலைத் திறந்து, துண்டால் விசிறி, என் சட்டியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அவர் மனைவி ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் இருக்கிறாளாம். அடியை விட்டுவிட்டு மேல் சோற்றில் புளிக்காய்ச்சலைப் போட்டு ஆளுக்குப் பாதி தின்றோம். காரத்தில் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, தின்பதை நிறுத்தவும் இல்லை.

ஜெயக்கனியின் ரவிக்கை, உள்பாவாடை எல்லாம் குளியலறையில் துவைத்துக் காயப்போட்டேன். இதையெல்லாம் எழுதலாமா தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

மே 19, ஞாயிறு

தவமலர் விடுமுறை நாளிலும் வந்தாள், ஒரு டப்பாவில் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டு.

"அக்கா, ஓம் எண்டா என்ரை கையை ஒருக்கால் அமத்துங்கோ. இல்லை எண்டா ரெண்டு தரம். சரியோ?"

நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டேன். இதை நான் அவளிடம் சொல்லவே இல்லை, பேச முடியாத எல்லாரிடமும் அவர்கள் செய்கிற பழக்கமாம்.

"இது லூசெர்ன்தானே?" ஒரு அழுத்தல்.

"உங்கடை பேர் தவமலரோ?" இரண்டு.

"இவர் உங்கடை அவரோ?"

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லையாம். தவமலர் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அண்ணை, அக்கா யோசிக்கிறா."

பிறகு ஒன்று.

மே 20, திங்கள்

பேசினாள்.

மதியம் ஆஸ்பத்திரி சூப்பை நான்தான் ஸ்பூனால் கொடுத்தேன். ஒரு வாய் வாங்கினாள், முகத்தைச் சுளித்தாள், உதடு என்னவோ செய்தது. "என்ன கனி?" என்றேன். இழுத்து இழுத்து, "உப்... பு" என்றாள்.

"என்னது?"

"உப்பு... இல்ல."

அழுதேன் என்று எழுதத் தேவையில்லை. ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தேன். அவர் கேட்க, மறுபடி சொன்னாள், எரிச்சலோடு. டாக்டர் அதைக் கம்ப்யூட்டரில் எழுதினார். சூப்பில் உப்பு இல்லை என்பது இனி சுவிட்சர்லாந்து ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டில் இருக்கும்.

மே 22, புதன்

கம்பெனி முடிவு வந்தது. ஏற்கெனவே இருந்த நோயை மறைத்ததால் க்ளெய்ம் கிடையாது. ஆனால் பாலிசியின் பதினாலாம் பக்கத்தில் ஒரு பிரிவு இருக்கிறதாம், உயிருக்கு ஆபத்தான கட்டம் தாண்டும் வரை ஆகும் அவசர சிகிச்சைக்கு மட்டும் ஒரு வரம்பு வரை தருவார்கள். பழைய நோய்க்காரருக்கும் உண்டு. ஆமாம் என்று டிக் போட்டிருந்தாலும் இது கிடைத்திருக்கும் என்று ஷர்மிளா சொன்னாள், வருத்தத்தோடுதான். அந்தப் பக்கத்தை நான் திருப்பியதே இல்லை.

"மேடம் எப்படி சார் இருக்காங்க?" என்றாள் கடைசியில்.

"சூப்புல உப்பில்லன்னு சொல்லிட்டாம்மா" என்றேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதுவும் ரெக்கார்ட் ஆகியிருக்கும்.

மிச்சத்துக்கு நானே பொறுப்பு. பணம் கட்டும் அந்தக் கவுன்ட்டரை இன்றுதான் கண்டுபிடித்தேன், தரைத்தளத்தில், பூந்தொட்டிகளுக்குப் பின்னால். அங்கே இருந்த அம்மாளிடம் வழக்கம்போல விலையைக் குறைத்துப் பேசிப் பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது சந்தை இல்லை, ஆனால் தவணையாகக் கட்டலாம், எத்தனை மாதம் வேண்டும் என்றார். இரண்டாவது குடோனை விற்க வேண்டி வரும். பழைய குடோன் ஒன்று போதும். நான் ஒரு குத்தூசியும் சணல் நூலுமாக மூட்டை தைத்து ஆரம்பித்தவன், இது என்னை மூழ்கடித்துவிடாது.

நான் பணம் கட்டாவிட்டால் வைத்தியத்தை நிறுத்தியிருப்பீர்களா என்று அவரிடம் கேட்டேன். கேள்வியே அவருக்குப் புரியவில்லை. இரண்டு தடவை கேட்டும் புரியவில்லை. விட்டுவிட்டேன்.

மே 26, ஞாயிறு

வார்த்தைகள் ஒவ்வொன்றாக வருகின்றன. சிலது தேடினாலும் அகப்படுவதில்லை. ஜன்னலைக் காட்டி "கதவு" என்கிறாள், பிறகு தப்பு என்று அவளுக்கே தெரிந்து கோபம் வருகிறது. வலது கையால் டம்ளர் பிடிக்கிறாள். நடைவழியில் முப்பது அடி நடந்தாள்.

இன்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஃபார்ம், டப்பா, காபி. முடித்ததும் முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"தெரியும்" என்றாள். "நீங்க அழுத்துனது... நல்லா ஞாபகம் இருக்கு."

"நீ சொல்லியிருக்கலாமே கனி."

இதை எப்படிக் கேட்டேன் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "சொல்லியிருக்கலாம். முப்பத்தாறு வருசமா... நீங்க அழுத்துனா இல்லன்னு சொல்லி... சொல்லி... எனக்கு அது ஒண்ணுதான் வருது."

பிறகு சாயங்காலம் வரை என்னிடம் பேசவில்லை. பேச முடியாததால் அல்ல. தவமலரிடம் பேசினாள். இத்தாலிக்காரக் கிழவரிடம்கூடச் சிரித்தாள்.

மே 27, திங்கள்

"சாப்பிட்டீகளா?" என்று கேட்டாள். இன்றைக்கு அது போதும்.

ஜூன் 6, வியாழன்

இன்று முக்கியமான நாள். அந்த மாத்திரையை மறுபடி ஆரம்பிப்பதா என்று டாக்டர் கெல்லர் முடிவு சொல்ல வேண்டும். கொடுத்தால் தலையில் திரும்பக் கசியலாம், கொடுக்காவிட்டால் இதயத்தில் கட்டி உண்டாகி மூளைக்குப் போய் அடைக்கலாம். ஒன்பது மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து போவதும் இந்த முடிவைப் பொறுத்தது.

டாக்டருக்கு ஒரு விஷயம் தெளிவாக வேண்டியிருந்தது. அன்றைக்குப் படியில் ஏன் விழுந்தார்? வழுக்கியதா, மயக்கமா? மயக்கம் என்றால் இதயத்தாலா? அப்படியானால் மறுபடி விழுவார், மாத்திரை கொடுக்கவே முடியாது.

"படி ஈரம்" என்று நான் ஆரம்பித்தேன். "ஸ்லிப் ஆயி..."

"இருங்க" என்றாள் ஜெயக்கனி.

நான் நிறுத்தினேன்.

"டாக்டரு என்னையத்தான கேக்காக." தவமலரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். வார்த்தை தேடிக்கொண்டு, மெதுவாக, ஆனால் விடாமல் சொன்னாள். "வழுக்கல. கண்ணு இருட்டுச்சு. அன்னைக்கு மட்டும் இல்ல. அதுக்கு முந்தின ரெண்டு நாளும் இருட்டுச்சு. பஸ்ல உக்காந்தே இருந்ததால தெரியல."

டாக்டர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். ஏதாவது மாறியிருந்ததா, சாப்பாடு, தூக்கம் என்று கேட்டார்.

"தண்ணி குடிக்கல."

ஏன்?

ஜெயக்கனி என்னைப் பார்க்கவில்லை. "பஸ் நிக்கிற இடத்துல எல்லாம் பாத்ரூம் போக காசு கேட்டாங்க. காசு... இவுககிட்ட இருக்கு. முதல் நாளு நான் கேட்டப்ப, ஒண்ணுக்குப் போறதுக்கு நூறு ரூவாயான்னு எல்லார் முன்னாலயும் சத்தம் போட்டாக. எல்லாரும் சிரிச்சாக. அப்புறம் நான் கேக்கல. தண்ணிய நிப்பாட்டிட்டேன். பிரஷர் மாத்திரை மட்டும் போட்டுக்கிட்டே இருந்தேன்."

தவமலர் என்னை ஒரு பார்வை பார்த்தாள், கோபம்கூட இல்லை. பிறகு ஜெர்மனில் எல்லாவற்றையும் சொன்னாள். "நூறு ரூபாய்" என்ற இடத்தில் டாக்டர் கெல்லர் நிமிர்ந்தார், மறுபடி குனிந்து எழுதினார்.

இன்னும் கேட்டார். தீபாவளிக்கு முன்னால் குளியலறையில் ஒரு தடவை விழுந்ததை ஜெயக்கனி சொன்னாள். மாசி மாதம் கோயிலில் நெஞ்சு படபடத்து உட்கார்ந்துவிட்டதைச் சொன்னாள். இரண்டும் எனக்குத் தெரியாது. நான் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தேன். எனக்கு உட்கார நாற்காலி இருந்தது, உட்காரத் தோன்றவில்லை.

அரை மணி நேரம் கழித்து டாக்டர் பேனாவை மூடினார். தவமலர் முகம் மலர்ந்து சொன்னாள்.

"அண்ணை, நல்ல சேதி. இதயம் நிண்டு விழேல்லை. உடம்பிலை தண்ணி இல்லாம, பிரஷர் குளிசையும் சேர்ந்து விழுத்தியிருக்கு. அப்ப அதைச் சரிப்பண்ணலாம். பிரஷர் குளிசையைப் பாதியாக் குறைக்கினம். மற்றக் குளிசையை வாற கிழமை துடங்கலாமாம், ஒருக்கால் ஸ்கேன் பாத்திட்டு. எல்லாம் சரியெண்டா இருபதாம் திகதி ஊருக்குப் போகலாம். அக்கா இதைச் சொல்லாம விட்டிருந்தா குளிசையைக் குடுக்கவே பயந்திருப்பினம்."

"டாங்க்கெ" என்றாள் ஜெயக்கனி டாக்டரிடம். நன்றி என்று அர்த்தமாம், யாரிடம் கற்றுக்கொண்டாள் என்று தெரியவில்லை. டாக்டர் கெல்லர் அவள் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார்.

எல்லாரும் போன பிறகு நான் அவள் கட்டில் பக்கம் வந்தேன். என்ன சொல்வது? "கனி, அந்தக் காசு..." என்று ஆரம்பித்தேன்.

"அது கிடக்கட்டும்" என்றாள். "இனிமே என் உடம்பப் பத்தி யாரு கேட்டாலும் நான் சொல்லிக்கிறேன். நீங்க கடைக்கு மட்டும் பேசுங்க."

"சரி."

"தாகமா இருக்கு."

நடைவழிக் குழாயில் தண்ணீர் பிடித்து வந்தேன். ஒரே மூச்சில் முழுவதையும் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினாள். மறுபடி போனேன்.